கேரன்போர்ட்: போர்க்கால விமானத் தளம் ஒரு கிராமமான விதம்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், மூஸ் ஜா நகரைத் தாண்டி மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால், டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையை ஒட்டிக் கேரன்போர்ட் வருகிறது. சுற்றிலும் கோதுமை நிலம். 2021 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 1,033 பேர். நமக்கு இது ஒரு தெருவின் மக்கள்தொகை போலத் தோன்றும். ஆனால் சஸ்காச்சுவானில் கிராமத் தகுதியில் இருக்கும் பல ஊர்களுக்கு நூறு பேர் தேறுவதே பெரும்பாடு. அந்தத் தகுதியில் உள்ள மிகப் பெரிய ஊர்களில் ஒன்று கேரன்போர்ட்.

பிரெய்ரி எனப்படும் இந்தப் புல்வெளிப் பகுதியின் கிராமங்களுக்குப் பெரும்பாலும் ஒரே பிறப்புக் கதைதான். ரயில் பாதை வந்தது. குதிரை வண்டியில் தானியம் ஏற்றிக்கொண்டு போய் அன்றைக்கே வீடு திரும்பும் தூரத்துக்கு ஒரு நிலையம் வைத்தார்கள். நிலையத்தின் பக்கத்தில் உயரமான மரத் தானியக் கிடங்கு எழுந்தது. அதைச் சுற்றி ஒரு கடை, ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். கேரன்போர்ட்டுக்கு இந்தக் கதை இல்லை. அது ராணுவ வரைபடத்தில் பிறந்த ஊர். இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்குப் பயிற்சி தர அமைத்த தளம் அது. 1946-இல் ஒரு வேதாகமப் பள்ளி அதை வாங்கியது. 1988-இல் அது முறையான கிராமமானது.

இதே மாதிரி வரைபடத்தை வைத்து இதே சில ஆண்டுகளுக்குள் கட்டிய தளங்கள் பிரெய்ரி முழுக்க இருந்தன. அவற்றில் பல மறுபடி வயலாகிவிட்டன. சில விமான நிலையங்களாக நின்றன. இது மட்டும் எப்படி ஊரானது என்பதுதான் இங்கே கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கியவர்களின் பக்தியும் உழைப்பும் ஒரு காரணம்தான். ஆனால் அதைவிட முக்கியம், அந்த இடம் எதற்காகக் கட்டப்பட்டதோ கிட்டத்தட்ட அதே வேலைக்கே மறுபடியும் பயன்பட்டது.

தளத்துக்கு முன்

1930-களின் சஸ்காச்சுவானைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் தளத்தைப் புரிந்துகொள்ள முடியாது. மாகாணத்தின் தெற்குப் பகுதி மழை குறைந்த நிலம். பத்தாண்டு வறட்சியில் மேல்மண் காற்றோடு பறந்தது. 1937-இல் கோதுமை விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புஷலைக்கூட (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ) எட்டவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வேறு. விதைத்ததே திரும்பி வராத ஆண்டுகளில் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் ஆயிரக்கணக்கில். 1931-இல் 9,21,785 பேர் இருந்த மாகாணத்தில் 1941-இல் 8,95,992 பேர்தான் மிஞ்சினார்கள். அடுத்த பத்தாண்டில் இன்னும் குறைந்தது.

இந்த நிலையில்தான் 1939 டிசம்பர் 17 அன்று ஒட்டாவாவில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டம் என்று பெயர். எதிரி விமானம் எட்டாத தூரத்தில், வானம் காலியாக இருக்கும் நாட்டில், விமானிகளையும் வழிகாட்டிகளையும் குண்டு போடுபவர்களையும் மொத்தமாகத் தயாரிப்பது நோக்கம். 1945 மார்ச்சில் திட்டம் முடியும்போது 1,31,553 பேர் பயிற்சி முடித்திருந்தார்கள். போர்க்களத்தைப் பார்க்காமல் பயிற்சியிலேயே இறந்தவர்கள் 850-க்கும் மேல்.

பிரெய்ரி நிலம் இதற்கென்றே அமைந்த மாதிரி இருந்தது. மலை கிடையாது, காடு கிடையாது. என்ஜின் நின்றுபோனால் அறுவடை முடிந்த தாளடியில் இறக்கிவிடலாம். நிலமெல்லாம் ஒரு மைல் சதுரங்களாக, வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு என்று நேர்கோட்டில் அளந்து பிரிக்கப்பட்டது. மேலே இருந்து பார்க்கும் பையனுக்குத் திசை தெரிய வேறு கருவியே வேண்டாம். வழி தவறினால் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போய், தானியக் கிடங்கின் சுவரில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படித்துக்கொள்ளலாம்.

தளம் வந்தால் சம்பளம் வரும், சாலை வரும், கடையில் விற்பனை நடக்கும். அதனால் சிற்றூர்கள் எங்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று ஒட்டாவாவுக்கு மனுப் போட்டன. பத்தாண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கம் காசோடு வாசலுக்கு வருகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

கேரன் தளம்

கேரன் என்பது ரயில் பாதையில் இருந்த பழைய சிற்றூர். அதன் பெயரில் பக்கத்து நிலத்தில் அமைந்தது 33-ஆம் எண் தொடக்க விமானப் பயிற்சிப் பள்ளி. 31-லிருந்து தொடங்கும் எண்கள் பிரிட்டிஷ் விமானப் படையின் பள்ளிகளுக்கு உரியவை. பிரிட்டனிலிருந்தே கிளம்பி வந்த பள்ளிகள் அவை. கேரனில் 1942 ஜனவரியில் வேலை தொடங்கியது. ஜனவரியில் சஸ்காச்சுவானுக்கு வந்து இறங்கிய ஆங்கிலப் பையன்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். பகலிலேயே மைனஸ் 20, 30 டிகிரி. தடுக்க ஒரு மரமில்லாத வெளியில் காற்று.

அவர்கள் கற்றது டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானத்தில். இங்கிலாந்தில் அது திறந்த இருக்கை விமானம். கனடாவில் அப்படிப் பறந்தால் மூக்கும் விரலும் மிஞ்சாது என்பதால், டொரன்டோ அருகே டவுன்ஸ்வியூ தொழிற்சாலையில் மூடியும் வெப்பமூட்டியும் வைத்துத் தனி மாதிரியாகக் கட்டினார்கள். பிறகு கார்னெல் என்ற ஒற்றை இறக்கை விமானம் வந்தது. பாடம் ஏறக்குறைய இரண்டு மாதம், ஐம்பது மணி நேரப் பறப்பு. தேறியவர்கள் அடுத்த நிலைப் பள்ளிக்குப் போவார்கள், அடுத்த அணி வந்து இறங்கும். இப்படி இரண்டு ஆண்டு. 1944 தொடக்கத்தில் பள்ளியை மூடிவிட்டார்கள். போர் முடியவில்லைதான். ஆனால் தேவைக்கு மேலேயே விமானிகள் சேர்ந்திருந்தார்கள்.

தளத்தின் கட்டடங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஆய்வின் மையமே அதுதான். எல்லாத் தளங்களுக்கும் கட்டட வரைபடம் ஒட்டாவாவில் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தது. எஃகு போர்முனைக்குத் தேவைப்பட்டதால் ஹேங்கர்கள் எனப்படும் விமானக் கொட்டகைகளின் கூரைச் சட்டங்களையே மரத்தில் செய்தார்கள். பெரிய மரத் துண்டுகளை ஆணியும் போல்ட்டும் வைத்துப் பிணைத்து, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நூறு அடிக்கும் மேல் அகலத்துக்குக் கூரை நிறுத்தினார்கள். குடியிருப்பு, 'எச்' எழுத்து வடிவில் உள்ள பாசறை. இரு பக்கமும் நீளமான படுக்கைக் கூடம். இரண்டையும் இணைக்கும் நடுக்கோட்டில் குளியலறை, கழிப்பறை, வெந்நீர். மைனஸ் முப்பதில் வெளியே கால் வைக்காமலே குளித்துவிட்டுப் படுக்கைக்குத் திரும்பலாம். இவற்றோடு பெரிய மெஸ், வகுப்பறைகள், அணிவகுப்புக் கூடம், சிறு மருத்துவமனை, தண்ணீர் ஏற்பாடு, கழிவுநீர்க் குழாய், மின்சாரம்.

கடைசி மூன்றை அடிக்கோடிட வேண்டும். மாகாணத்தில் கிராமப்புற மின்மயமாக்கலுக்கான சட்டமே 1949-இல்தான் வந்தது. அன்று பெரும்பாலான பண்ணை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு, கிணற்று வாளி, வெளிக் கழிப்பறை. அவற்றுக்கு நடுவே விளக்கும் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் இணைப்புமாக ஒரு சிற்றூரின் அடித்தளம் ஆளில்லாமல் கிடந்தது.

விலை போகாத சொத்து

1944-லிருந்து இப்படிப்பட்ட சொத்துகள் குவிந்தன. மிச்சப்பட்ட போர்ச் சொத்தை விற்பதற்கென்றே கனடா அரசு ஒரு நிறுவனம் வைத்தது. பாசறைகளைப் பிரித்துப் பலகையாக விற்றார்கள், அல்லது முழுசாக இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடமும் சமூகக் கூடமும் ஆக்கினார்கள். விமானங்களையே விவசாயிகள் வாங்கினார்கள், பறக்க இல்லை. சக்கரம் வண்டிக்கு ஆகும், பிளைவுட் கொட்டகைக்கு ஆகும், போல்ட்டும் கம்பியும் எதற்காவது ஆகும். களத்து மூலையில் இறக்கை இல்லாத ஆன்சன் விமானம் கிடப்பது பிரெய்ரியில் பல காலம் சாதாரணக் காட்சி.

தளங்களின் கதி பலவிதம். மூஸ் ஜா தளம் 1950-களில் நேட்டோ பயிற்சிக்காக மறுபடி திறந்தது. ஸ்னோபேர்ட்ஸ் என்ற கனடாவின் வான் சாகசக் குழுவுக்கு இன்று அதுதான் வீடு. மனிடோபாவில் ரிவர்ஸ் தளம் 1971-இல் மூடியபின், சில ஆண்டு பழங்குடி மக்களுக்கான தொழிற்பயிற்சி மையமாக இருந்தது. கிம்லி தளத்தின் ஓடுபாதை கார் பந்தயத்துக்குப் போனது. 1983 ஜூலையில் எரிபொருள் தீர்ந்துபோன ஏர் கனடா போயிங் விமானம் என்ஜின் இல்லாமல் மிதந்து வந்து இறங்கியது அங்கேதான், அன்று பந்தயக் கூட்டம் கூடியிருந்தபோதே! எல்லோரும் உயிர் தப்பினார்கள். அந்தப் பாதை இன்னும் இருந்ததே ஒரு போர்க்கால மிச்சத்தின் புண்ணியம்.

கேரனுக்கு இந்த வாய்ப்புகள் எதுவும் இல்லை. தொடக்கநிலைப் பள்ளி என்பதால் பெரிய ராணுவத் தளத்துக்கான அளவு இல்லை. 25 கிலோமீட்டரில் மூஸ் ஜாவின் பெரிய தளம் இருக்க, விமானப் படை இதைத் திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் இல்லை.

வாங்கியவர்கள்

மூஸ் ஜாவுக்குத் தென்கிழக்கே பிரையர்கிரெஸ்ட் என்று ஒரு சிற்றூர். வறட்சி உச்சத்தை நெருங்கிய 1935-இல், அங்கே சில கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேதாகமப் பள்ளியைத் தொடங்கின. பின்னால் நின்றவர் சின்க்ளேர் விட்டேக்கர், உள்ளூர் வணிகர், மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். முதல்வராக வந்தவர் ஹென்றி ஹில்டபிராண்ட், இருபதுகளில் இருந்த இளைஞர். அவர் அந்தப் பொறுப்பில் 1977 வரை, 42 ஆண்டு இருந்தார்.

பஞ்ச காலத்தில் யார் பள்ளிக்கு வருவார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதுதான் காலம். பிரெய்ரியின் வேதாகமப் பள்ளிகள் பண்ணைக் கணக்கில் நடந்தவை. அறுவடை முடிந்து அக்டோபரில் தொடங்கும், வசந்த விதைப்புக்கு முன் ஏப்ரலில் முடியும். நிலம் உறைந்து கிடக்கும் ஆறு மாதம் பண்ணைப் பையனுக்கும் பெண்ணுக்கும் செய்ய வேலை குறைவு. வெளியூரில் வேலை கிடைக்கவும் வழி இல்லை. குறைந்த செலவில் தங்கிப் படிக்க ஓர் இடம் இருந்தால் போவார்கள். ஆல்பர்ட்டாவின் த்ரீ ஹில்ஸ் ஊரில் 1922-இல் தொடங்கிய இதேபோன்ற பள்ளி இந்த முறையில் நூற்றுக்கணக்கில் மாணவர்களைச் சேர்த்திருந்தது.

போர் முடிந்ததும் பிரையர்கிரெஸ்டில் இடம் போதவில்லை. படைவீரர்கள் திரும்பி வந்தார்கள், போர்க்காலத்தில் படிப்பைத் தள்ளிப்போட்டவர்களும் வந்தார்கள். சிற்றூரில் கிடைத்த வீடுகளிலும் அறைகளிலும் ஒரு விடுதிப் பள்ளியை எத்தனை நாள் நடத்த முடியும்? 1946-இல் கேரன் தளத்தை வாங்கிக் குடிபெயர்ந்தார்கள். அதே ஆண்டு உயர்நிலைப் பள்ளியும் தொடங்கியது.

நான் இந்த நிகழ்வில் அதிகம் யோசித்தது இந்த இடத்தைத்தான். ஒரு தொழிற்சாலை இந்தத் தளத்தை வாங்கியிருந்தால் ஹேங்கர் பயன்பட்டிருக்கும், பாசறை பாழாகியிருக்கும். ஒரு விவசாயி வாங்கியிருந்தால் நிலம் பயன்பட்டிருக்கும், மற்றதெல்லாம் பலகை விலைக்குப் போயிருக்கும். வேதாகமப் பள்ளிக்கோ கிட்டத்தட்ட எதுவுமே வீணில்லை. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வருவார்கள், சேர்ந்து தூங்குவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், வகுப்பில் உட்காருவார்கள், தேறியதும் போய்விடுவார்கள், அடுத்த அணி வரும். விமானப் படை செய்ததும் இதைத்தான். சொல்லித் தந்த பாடம்தான் வேறு. பாசறை விடுதியானது, மெஸ் மெஸ்ஸாகவே இருந்தது. முந்தைய குடித்தனக்காரர் அளவெடுத்துக் கட்டிய வீட்டில் அதே அளவுக் குடும்பம் வந்து குடியேறிய மாதிரிதான்.

கட்டடம் பொருந்தினால் மட்டும் ஊர் வந்துவிடாது. விமானப் பள்ளியில் ஆசிரியர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். இங்கே ஆசிரியர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். 1940-களின் பனிக்காலச் சாலையில் தினமும் மூஸ் ஜாவிலிருந்து வந்துபோவது நடக்காத காரியம். ஆக ஆசிரியர், சமையல்காரர், கொதிகலன் பார்ப்பவர், தச்சர் எல்லாரும் அங்கேயே வீடு போட்டார்கள். குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளி வேண்டியிருந்தது, தபால் நிலையம் வேண்டியிருந்தது, கடை வேண்டியிருந்தது. மாணவர்கள் வந்து போனார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள் ஊரானார்கள்.

சாலையும் கைகொடுத்தது. டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் தன் பங்கை முதலில் முடித்த மாகாணம் சஸ்காச்சுவான், 1957-இல். அது இந்த ஊரின் வாசலில் போகிறது.

கோதுமையைச் சாராத ஊர்

அடுத்து நடந்தது யாரும் திட்டமிட்டதல்ல. 1930-களில் கனடாவின் மேற்கில் 5,700-க்கும் மேற்பட்ட தானியக் கிடங்குகள் இருந்தன. லாரிகள் பெரிதாயின, பண்ணைகள் பெரிதாயின, கிளை ரயில் பாதைகள் ஒவ்வொன்றாக மூடின. 1995-இல் தானிய ரயில் போக்குவரத்துக்கான அரசு மானியமும் போனது. மரக் கிடங்குகளை இடித்துத் தள்ளினார்கள். இன்று மிஞ்சியவை சில நூறு. கிடங்கு போன ஊரில் கடை போனது, பள்ளி போனது, மிஞ்சியவர்கள் வயதானவர்கள். பள்ளி கிளம்பி வந்த பிரையர்கிரெஸ்ட் ஊரிலேயே இன்று இருநூறு பேர் இல்லை.

கேரன்போர்ட்டுக்குத் தானியக் கிடங்கு இருந்தால்தானே போவதற்கு? அதன் வருமானம் மாணவர் கட்டணமும் நன்கொடையும். அந்த நன்கொடையில் பெரும்பங்கு ஒரு காலத்தில் அதே கோதுமைக் குடும்பங்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் அது ஒரே மாவட்டத்தின் விளைச்சலைச் சார்ந்ததாக இல்லை. பள்ளி பட்டம் வழங்கும் கல்லூரியாக வளர்ந்தது. 1980-களில் போதகர்களைப் பயிற்றுவிக்கும் செமினரியும் சேர்ந்தது. மாணவர்கள் மற்ற மாகாணங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரத் தொடங்கினார்கள்.

எதிர்ச்சான்று: வடக்கு வெய்பர்ன்

ஒரே ஒரு நிகழ்வை வைத்துப் பேசினால் எதையும் நிரூபித்துவிடலாம். அதனால் இன்னொன்றையும் பக்கத்தில் வைக்கிறேன். அதே மாகாணத்தின் தென்கிழக்கில் வெய்பர்ன் நகருக்கு வடக்கே இன்னொரு பயிற்சித் தளம் இருந்தது, 41-ஆம் எண் பள்ளி. போருக்குப் பிறகு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான அரசு இல்லம் அந்தக் கட்டடங்களில் இயங்கியது. 1955-இல் மூஸ் ஜாவில் வேலி வியூ மையம் திறந்ததும் அது இடம் மாறியது. 1957-இல் வந்தது வெஸ்டர்ன் கிறிஸ்டியன் கல்லூரி. இதுவும் கிறிஸ்தவக் கல்விதான், இதுவும் விடுதிதான், போர்க்காலக் கட்டடங்கள்தான், சஸ்காச்சுவான் குளிர்தான்.

முப்பது ஆண்டுக்கு மேல் அங்கே இருந்துவிட்டு 1989-இல் அந்தக் கல்லூரி மனிடோபாவின் டாஃபின் நகருக்குப் போய்விட்டது. வடக்கு வெய்பர்ன் இன்று ஒரு சிறு குடியிருப்பு. கேரன்போர்ட் அளவுக்கு வளரவில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? என் கணிப்பு இது. வெய்பர்ன் தளம் நகரத்தின் விளிம்பில் இருந்தது. கடை, ஆஸ்பத்திரி, வங்கி எல்லாம் எட்டும் தூரத்தில் இருந்ததால் கல்லூரி தன்னைச் சுற்றி ஓர் ஊரைக் கட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கல்லூரி கிளம்பியபோது பிடித்து நிறுத்த அங்கே ஓர் ஊரும் இல்லை. கேரன் தளமோ எந்த நகரத்துக்கும் பக்கத்தில் இல்லை. அந்தக் கஷ்டம்தான் கேரன்போர்ட்டை உண்டாக்கியது. ஆண்டுக் கணக்கும் உண்டு. கேரனுக்கு வாங்கியவர்கள் இரண்டே ஆண்டில் வந்துவிட்டார்கள், அதன்பின் கை மாறவில்லை. வெய்பர்னில் ஒருவர் போய் இன்னொருவர் வந்தார். பலகைக் கட்டடங்கள் சில ஆண்டுப் பயனுக்கென்று அவசரமாக எழுப்பியவை. சுவரில் குளிர் புகும், கூரை ஒழுகும். பராமரிக்க நிரந்தரமாக ஒரு சொந்தக்காரர் இல்லாவிட்டால் அவை தாங்காது.

இன்னொன்றையும் இந்த ஒப்பீடு காட்டுகிறது, அது கேரன்போர்ட்டுக்கு அவ்வளவு இனிப்பான செய்தி இல்லை. கோதுமை ஊர்கள் ஒரே பயிரை நம்பி இருந்தன என்றால், இந்த ஊர் ஒரே நிறுவனத்தை நம்பி இருக்கிறது. ஊரில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வழியில் கல்லூரியோடு தொடர்புள்ளவர்களாக இருக்கும் இடத்தில், சேர்க்கை சரிந்த ஓர் ஆண்டு என்பது வறட்சி ஆண்டுக்குச் சமம். ஒரே நம்பிக்கை கொண்டவர்கள் ஒன்றாக வாழும் ஊர் என்பதில் பாதுகாப்பும் உண்டு, அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர் அங்கே குடியேற யோசிப்பார் என்ற வரம்பும் உண்டு. ஊரை ஆராய வருபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

தகுதி

1988 ஜனவரி 1 அன்று கேரன்போர்ட் கிராமமாகப் பதிவானது. அதற்கு முன் நாற்பது ஆண்டு அந்த ஊருக்கு உள்ளாட்சி மன்றமே கிடையாது. பதிவுக்குப் பிறகுதான் தனி மேயர், தனிக் கவுன்சில், தனி வரி. கல்லூரியின் நிர்வாகம் வேறு, ஊரின் நிர்வாகம் வேறு என்று சட்டத்தில் பிரிந்தது அன்றுதான். வடக்கு வெய்பர்னுக்குக் கிடைக்காத படி இது: இங்கே ஊர் என்பது கல்லூரியிலிருந்து தனியாகவும் நிற்கக்கூடிய ஒன்றாகிவிட்டது, காகிதத்திலாவது.

சஸ்காச்சுவான் சட்டப்படி 500 பேர் இருந்தாலே ஒரு கிராமம் நகரத் தகுதி பெறலாம். ஆனால் அது தானாக வராது, கவுன்சில் கேட்க வேண்டும், அமைச்சர் ஆணையிட வேண்டும். அந்த அளவைப்போல இரண்டு மடங்கு மக்கள் இருந்தும் கேரன்போர்ட் இன்னும் கிராமம்தான்.